நானூறு ரூபாய் மிச்சம்னு கேமை வேற கடையில வாங்கிராதீங்க

போன மாசம் பிசிக்கு ஒரு கோ-ஆப் கேம், அதாவது சில பேர் ஒரே அணியா சேர்ந்து ஆடுற கேம் வாங்கினேன். கோயம்புத்தூர்ல இருக்கிற அக்கா பையனோட சேர்ந்து விளையாடணும்னே வாங்கினது. அவன் வாங்கின கடையில 1,299 ரூபாய். இன்னொரு பெரிய ஆன்லைன் கடையில அதே பேர், அதே அட்டைப்படம், 899. கேம் ஒண்ணுதானே, எங்க வாங்கினா என்னன்னு வாங்கிட்டேன். எந்தக் கடை, எந்த கேம்னு இப்போ சொல்லல. அவங்களோட சண்டை இன்னும் ஓடிட்டிருக்கு.

61 ஜிபி இறங்கி முடிய ராத்திரி பதினொண்ணு ஆச்சு. போனை ஸ்பீக்கர்ல போட்டு வச்சிக்கிட்டு உக்காந்தோம். ஒரே ஆட்டத்துல சேர்றதுக்கான ரூம் கோடை அவன் சொல்றான், நான் அடிக்கிறேன், "இப்படி ஒரு ரூம் இல்லை"ன்னு வருது. நான் ரூம் திறந்தா அவனுக்கும் அதே பதில். "மாமா, உங்க பேரு லிஸ்ட்லயே வரலயே"ன்னு அவன் சிரிக்கிறான். ஃபயர்வாலை அணைச்சேன், ரவுட்டரை அணைச்சுப் போட்டேன், கடைசியில மொபைல் ஹாட்ஸ்பாட்ல கூட முயற்சி பண்ணேன். அரை மணி நேரம் கழிச்சு அவன்தான் கண்டுபிடிச்சான்: மெயின் மெனுவோட கீழ் மூலையில பொடி எழுத்துல கேமோட பதிப்பு நம்பர் இருக்கும் பாருங்க, அவனுக்கு 1.4.2, எனக்கு 1.3.9. அப்டேட் தேடினா, "இதுவே புதுசு"ங்குது என் கடை.

சப்போர்ட்டுக்கு எழுதினேன். மூணு நாள் கழிச்சு பதில்: கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிங்க, கேமை அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க. சொன்னபடி இன்னொரு 61 ஜிபி. அதே 1.3.9. ரெண்டாவது ஆள் வந்து உண்மையைச் சொன்னார்: இந்தக் கடையில வாங்கினவங்க இந்தக் கடையில வாங்கினவங்களோட மட்டும்தான் விளையாட முடியும். அடுத்த அப்டேட் வந்து நம்பர் ஒண்ணானாலும் அதேதானாம். சரி, பணத்தைக் குடுங்கன்னா, "விளையாடிய நேரம் 2 மணி 36 நிமிடம், வரம்பு 2 மணி நேரம்." அதுல முக்கால்வாசி மெனுவுல நின்னு ரூம் கோடு அடிச்ச நேரம்! கேம் பக்கத்துல "கோ-ஆப், 4 பேர்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. எந்த நாலு பேர்னு ஒரு வரி போட்டிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். இது புதுக் கதையே இல்ல. 2016ல கால் ஆஃப் டூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேர் வந்தப்ப, மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் ஸ்டோர்ல வாங்கினவங்களால ஸ்டீம்ங்கிற பெரிய கேம் கடையில வாங்கினவங்களோட சேர முடியல. ரெண்டும் பிசிதான், ரெண்டும் அதே விண்டோஸ்தான். காரணம் என்னன்னா, நண்பர் பட்டியல், அழைப்பு, ரூம் சேர்க்கிறது இதெல்லாம் நிறைய கேம்ல அந்தந்தக் கடையோட வலையமைப்பு வழியாத்தான் ஓடுது. அப்டேட்டும் கடைக்குக் கடை தனியா ஏத்தணும். கூட்டம் கம்மியா இருக்கிற கடைக்கு அது பெரும்பாலும் கடைசியாத்தான் வரும். மனசு வச்சா முடியாததும் இல்ல. பார்டர்லேண்ட்ஸ் 3ங்கிற கேம் ஒரு வருஷத்துக்குள்ள எபிக்ங்கிற கடையிலேர்ந்து 2020 மார்ச்ல ஸ்டீமுக்கு வந்தப்ப, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சேர்ந்தே விளையாடினாங்க.

நான் ஒத்தையா விளையாடுற ஆள், எனக்கென்னன்னு நினைக்காதீங்க. மாட், அதாவது ரசிகர்கள் செஞ்ச மாற்றங்களை கேம்ல போடுறவங்களுக்கும் இதே தலைவலி. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேம்ல பாதி நல்ல மாட், எஸ்கேஎஸ்இங்கிற துணை புரோகிராம் இல்லாம ஓடாது. அதுல ஸ்டீம்ல வாங்கின 1.6.1170 பதிப்புக்குன்னு ஒண்ணு, ஜிஓஜிங்கிற கடையோட 1.6.1179 பதிப்புக்குன்னு இன்னொண்ணு, மாத்திப் போட்டா கேம் திறக்காது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் (அந்தப் பழைய விண்டோஸ் ஸ்டோர்தான்), அவங்க சந்தா சேவையான கேம் பாஸ் பதிப்புக்கு அது கிடையவே கிடையாது. சில நேரம் பெரிய கடைதான் பின்தங்கும்: ஃபால்அவுட் 3 கேம்ல இருந்த, கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்ங்கிற மைக்ரோசாஃப்டோட செத்துப்போன ஆன்லைன் சேவை சனியனை ஸ்டீம்ல 2021 அக்டோபர்லதான் எடுத்தாங்க, ஜிஓஜி பதிப்புல அது 2017லேர்ந்தே இல்ல. டிஎல்சி, அதாவது கேமுக்குத் தனியா விக்கிற கூடுதல் பகுதி பத்திச் சொல்லவே வேண்டாம், ஒரு கடையில வாங்கினது இன்னொரு கடை கேம்ல ஒட்டாது. இலவசமா கேமைக் குடுத்துட்டு டிஎல்சியில காசு பாக்கிறதே அதனாலதான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி, கூட விளையாடப் போறவன் எந்தக் கடைன்னு முதல்ல கேளுங்க. அவன் மெனு மூலை நம்பரைக் கேளுங்க. அந்தக் கடையில கேம் கடைசியா எப்ப அப்டேட் ஆச்சுன்னு பாருங்க. கேம் பக்கத்துல 'கிராஸ்-ப்ளே' (வேற வேற இடத்து ஆளுங்க சேர்ந்து ஆடலாம்)ன்னு இருந்தா எதுக்கும் எதுக்கும் நடுவுலன்னு படிங்க, பல நேரம் அது பிசிக்கும் கன்சோலுக்கும் மட்டும்தான். ரீஃபண்ட் விதியும் கடைக்குக் கடை வேற. ஸ்டீம்லயும் எபிக்லயும் 14 நாள், 2 மணி நேரத்துக்குள்ள. ஜிஓஜியில விளையாடிப் பாத்திருந்தாலும் 30 நாள் வரைக்கும் கேக்கலாம். முதல் நாளே வேலை செய்யலன்னா என்னை மாதிரி சப்போர்ட் சொல்றதையெல்லாம் செஞ்சுட்டு இருக்காதீங்க, கேமை மூடிட்டு நேரா ரீஃபண்ட் கேளுங்க.

என் புகார் பதினோரு நாளா "பரிசீலனையில்"னே நிக்குது. அக்கா பையன் அவன் காலேஜ் பசங்களோட கேமையே முடிச்சிட்டான். தீபாவளி சேல்ல அவன் கடையிலேயே இன்னொரு தடவை வாங்கலாம்னு இருக்கேன். வெறுப்புல ஒத்தையா உக்காந்து பன்னெண்டாவது லெவல் வரைக்கும் ஏத்தி வச்ச சேவ் அங்க வராதாம், அதையும் கேட்டுப் பாத்துட்டேன்.