மிஸ்ஸிங்கைத் தேட இரண்டு ஸ்கேனர்கள்: ஆயிரம் ரூபாய்க் கருவியும் விசிடிஎஸ்ஸும்

என் வண்டி எது என்பதைச் சொல்லிவிட்டால்தான், எஞ்சின் கம்ப்யூட்டர் குறித்துவைத்ததைப் படித்துக் காட்டும் இந்தக் கருவிகளைப் பற்றி நான் எழுதுவது விளங்கும். 2005ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், இருபது வால்வு டர்போ பெட்ரோல் எஞ்சின். சென்ற மழைக்காலத்தில் மேட்டுப்பாளையத்தைக் கடந்து, கல்லாற்றிலிருந்து குன்னூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தபோது, வண்டி விக்கல் எடுப்பதைப்போல் குலுங்கியது. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்பார்கள். மின்னும் விளக்கு வெறும் எச்சரிக்கை அன்று. சிலிண்டரில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து அதைப் பாழாக்கிவிடும் என்பதற்கான அறிகுறி அது. மிதியைத் தளர்த்தி, வந்த வழியே மெதுவாகக் கோவைக்குத் திரும்பினேன். மறுநாள் ஒரு பணிமனையில், ஸ்கேனரைப் போட்டுப் பார்க்காமலேயே, பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் நான்கு காயில்களையும் மாற்றிவிடலாம் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகுதான் இந்தக் கருவிகளில் எனக்கு நாட்டம் பிறந்தது.

டர்போ வண்டியில் மிஸ்ஸிங் ஏன் ஏற்றத்தில் மட்டும் தலைகாட்டுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே பொறி தாவுவதற்கு வேண்டிய மின்னழுத்தம், அங்குள்ள காற்றின் அழுத்தம் கூடக் கூட உயர்ந்துகொண்டே போகும். டர்போ காற்றைத் திணிக்காத நேரத்தில் நன்றாகவே வேலை செய்யும் களைத்த காயிலும், தேய்ந்து இடைவெளி அகன்றுபோன பிளக்கும், திணிப்பு தொடங்கியவுடன் அந்த மின்னழுத்தத்தை எட்ட முடியாமல் தோற்றுப்போகின்றன. ஆகவே பணிமனை வாசலில் வண்டியை நிறுத்தி ஆக்சிலரேட்டரை முறுக்கிக் காட்டினால் ஒன்றும் புலப்படாது. சுமையோடு ஓடும்போது எஞ்சின் கம்ப்யூட்டர் எதைக் குறித்துவைத்தது என்பதைத்தான் படிக்க வேண்டும்.

முதலில் வாங்கியது, இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஈஎல்எம்327 வகைப் புளூடூத் கருவி. நீல நிறத்தில், கட்டைவிரல் அளவில் இருந்தது, 2.1 என்று பதிப்பு எண் அச்சிட்டிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகியதும் அதன் விளக்கு எரிந்தது, கைபேசியோடும் இணைந்தது, ஆனால் வண்டியோடு மட்டும் பேச மறுத்துவிட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. இன்றைய வண்டிகள் கேன் என்ற தகவல் முறையில் பேசுகின்றன. என்னுடையதைப் போன்ற பழைய ஐரோப்பிய வண்டிகள் கே-லைன் என்ற ஒற்றைக் கம்பி முறையில் பேசுகின்றன. மலிவு நகல்களில் பலவற்றுக்குக் கேன் மட்டுமே ஒழுங்காகத் தெரியும். ஈஎல்எம் சிப்பை உருவாக்கிய கனடிய நிறுவனம் தன் முதல் பதிப்புக்கு நகல் தடுப்பு எதுவும் வைக்காததால் உலகெங்கும் போலிகள் பெருகின. அந்த நிறுவனம் 2022இல் மூடப்பட்டும் போலிகள் ஓயவில்லை. வேடிக்கை என்னவென்றால், அது ஒருபோதும் வெளியிடாத 1.5 என்ற எண்ணைத் தாங்கிய இரண்டாவது கருவி என் வண்டியோடு உடனே பேசியது. பழைய வண்டிக்கு வாங்குகிறவர்கள், திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையில் வாங்குங்கள் என்பதைத் தவிர இதில் நான் தரக்கூடிய உறுதி எதுவும் இல்லை.

அந்த இரண்டாவது கருவி தன் விலைக்கு மீறிய வேலையைச் செய்தது என்றே சொல்வேன். பி0302 என்ற எரர் கோடு கிடைத்தது: இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பலரும் எரர் கோடு என்னவென்று படித்தவுடன் அதை அழித்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்யாதீர்கள்; அதனோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பக்கமும் அழிந்துபோகும். கோடு பதிவான நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில், எவ்வளவு சுமையில், எவ்வளவு சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அந்தப் பக்கமே காட்டும். என் வண்டியில் அது மூவாயிரம் சுற்றை ஒட்டி, மிகுந்த சுமையில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில் பதிவாகியிருந்தது. இது பொறியின் பலவீனத்தையே சுட்டியது.

அடுத்த வேலைக்குக் கருவி தேவைப்படவில்லை. இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் அமர்ந்திருப்பதால், இரண்டாவதையும் நான்காவதையும் இடம் மாற்றிப் போட்டேன். "மிஸ்ஸிங் காயில் கூடவே போகுதான்னு பாருங்க சார், போச்சுன்னா காயிலு, போகலைன்னா வேற" என்று பழக்கமான மெக்கானிக் ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மறுபடியும் ஏற்றத்துக்குப் போனேன். இம்முறை பி0304 வந்தது. ஆக, மாற்ற வேண்டியது ஒரு காயில்தான், நான்கு அல்ல. பிளக்குகளையும் கழற்றி அளந்தபோது இடைவெளி 0.8 மில்லிமீட்டருக்குப் பதிலாக 1.1 வரை அகன்றிருந்தது. அவற்றை நான்காகவே மாற்றினேன். ஏற்றத்தில் வந்த விக்கல் நின்றது.

இத்தோடு முடிந்திருந்தால் விசிடிஎஸ் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் காலையில் வண்டியை எடுத்தவுடன் ஐட்லிங்கில், அதாவது மிதியைத் தொடாமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, இருந்த மெல்லிய நடுக்கம் அப்படியே இருந்தது. சில நாள் கழித்து பி0300, அதாவது எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஸிங், பதிவாகியது. பொதுவான கருவி என் வண்டியில் இதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

விசிடிஎஸ் என்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ராஸ்-டெக் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா, சீட் வண்டிகளுக்கென்று உருவாக்கிய மென்பொருள்; பழைய ஆட்கள் அதை இன்னமும் வாக்-காம் என்ற முன்னாள் பெயராலேயே அழைக்கிறார்கள். நான் வாங்கியது மூன்று வண்டிகளுக்கு மட்டும் முழுமையாக இயங்கும் ஹெக்ஸ்-வி2 கேபிள். விலை ஏறத்தாழ 200 டாலர், அனுப்பும் செலவும் சுங்க வரியும் தனி. ஒரு பழைய காருக்கு இது அதிகம்தான். ஆனால் இதன் அருமை, எஞ்சினின் அளவுகளை எண்ணிட்ட தொகுதிகளாகக் காட்டும் 'மெஷரிங் பிளாக்ஸ்' என்ற பகுதியில் இருக்கிறது. 15ஆம் தொகுதியைத் திறந்தால் முதல் மூன்று சிலிண்டர்களிலும், 16ஆம் தொகுதியில் நான்காவது சிலிண்டரிலும் மிஸ்ஸிங் எத்தனை முறை நேர்ந்தது என்ற எண்ணிக்கை கண்முன்னே ஏறுகிறது.

இந்த எண்ணிக்கையை எஞ்சின் கம்ப்யூட்டர் எப்படிப் பெறுகிறது என்பதை அறிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். அது பொறியையோ எரிதலையோ பார்ப்பதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் அச்சோடு சுழலும் பற்சக்கரத்தைச் சென்சார் வழியே கவனிக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 180 பாகைக்கு ஒருமுறை ஓர் உந்துதல் வர வேண்டும். அது வராத இடத்தில் அச்சு நூலிழை அளவு தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தைத்தான் எண்ணுகிறது. பொறி வராவிட்டாலும், பெட்ரோல் வராவிட்டாலும், வால்வு சரியாக மூடாவிட்டாலும் தாமதம் ஒன்றே. நம் ஊர்க் குண்டுகுழிகளில் சக்கரம் குலுங்குவதுகூட அந்தக் கணக்கைக் குழப்பலாம் என்பதால், நான் நல்ல தார்ச்சாலையில் கிடைத்த எண்களை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

என் வண்டியில் ஐட்லிங்கின்போது நான்கு சிலிண்டர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஏறியது. நான்கு காயில்களும் ஒரே நாளில் ஒரே அளவில் கெட்டுப்போவது அரிது. எனவே நான்குக்கும் பொதுவான காற்றிலோ பெட்ரோலிலோ குறை இருக்க வேண்டும். அப்போதுதான் 32ஆம் தொகுதியைத் திறந்தேன். கம்ப்யூட்டர் தன் கணக்கிலிருந்து பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ ஊட்டுகிறது என்பதை அது ஐட்லிங்குக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனியாகக் காட்டுகிறது. ஐட்லிங்கில் கூடுதலாக 8.2 சதவீதம், ஓட்டத்தில் குறைவாக 1.4 சதவீதம். ஐட்லிங்கில் இந்த எஞ்சின் விநாடிக்கு ஏறத்தாழ 3 கிராம் காற்றைத்தான் இழுக்கிறது, முழு மிதியில் அது 100 கிராமைத் தாண்டும் என்பதால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரின் அளவுக்கு உட்படாமல் எங்கோ ஓர் ஓட்டை வழியே நுழையும் சிறு காற்று ஐட்லிங்கில் பெரும் பங்காகவும், ஓட்டத்தில் பொருட்படுத்த வேண்டாத துளியாகவும் அமைகிறது. ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்கேறியிருந்தாலோ பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலோ, ஓட்டத்தின் எண்தான் முதலில் உயர்ந்திருக்கும். இந்த இரண்டு எண்களை அருகருகே பார்த்த அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் கொடுத்த விலை தகும்.

ஆனால் ஓட்டை எங்கே என்பதை 200 டாலர் கேபிளும் சொல்லாது. அதற்குப் புகைச் சோதனை வேண்டும்: எண்ணெயைச் சூடாக்கி எழுப்பிய புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றுப் பாதைக்குள் செலுத்தி, அது எங்கே கசிகிறது என்று பார்ப்பது. தொலைபேசியில் வழிகாட்டிய அதே மெக்கானிக்கின் பட்டறையில் செய்தோம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்கே எட்டாத இடத்தில், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுக்கும் பிரீதர் ஹோஸின் மும்முனை இணைப்பிலிருந்து புகை சுருண்டு வந்தது. எஞ்சின் சூட்டில் இருபது ஆண்டுகள் வெந்த ரப்பர். விரலால் அழுத்தியதும் பிஸ்கெட்டைப்போல் உதிர்ந்தது. புதிய ஹோஸும் கிளிப்பும் போட்டு ஒரு வாரம் ஓட்டிய பின், ஐட்லிங் திருத்தம் 1.5 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. டர்போ ஹோஸ்களில் கசிவு இல்லை; 115ஆம் தொகுதியில் கம்ப்யூட்டர் டர்போவிடம் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒட்டியே சென்றன.

விசிடிஎஸ்ஸில் எனக்கு உவப்பில்லாதவையும் உண்டு. இந்தக் கேபிளுக்கு விண்டோஸ் மடிக்கணினி கட்டாயம். ஓட்டிக்கொண்டே பார்க்க முடியாது, பக்கத்தில் ஒருவரை உட்கார வைக்க வேண்டும் அல்லது பதிவுசெய்து வீட்டில் படிக்க வேண்டும். கே-லைன் மெதுவானது என்பதால் மூன்று தொகுதிகளை ஒன்றாகத் திறந்தால் எண்கள் நொண்டுகின்றன. ஒன்றொன்றாகப் பார்ப்பதே மேல். தொகுதி எண்களின் பொருளைத் தேடிக் கற்றுக்கொள்ளும் பொறுமை இல்லாதவர்களுக்கு, அது எண்களால் நிரம்பிய வெறும் திரைதான். வேறு நிறுவன வண்டி வைத்திருப்பவர்களுக்கும், இரண்டொரு ஆண்டில் வண்டியை விற்க நினைப்பவர்களுக்கும் மலிவுக் கருவியே போதும். என் மிஸ்ஸிங்கில் பெரிய பாதியைக் கண்டுபிடித்துத் தந்தது அதுதான். வண்டியை ஓடும்வரை ஓட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் விசிடிஎஸ்ஸை அசலாகவே வாங்குங்கள். பாதி விலைக்கும் கீழே கிடைக்கும் போலிக் கேபிள்களை நான் வாங்கத் துணியவில்லை.

மூன்று வண்டிக் கணக்கில் என்னுடையது ஒன்று, மைத்துனரின் போலோ ஒன்று என இரண்டு தீர்ந்துவிட்டன. மூன்றாவது இடத்தை அந்த மெக்கானிக் தன் வாடிக்கையாளர் ஒருவரின் பழைய பஸ்ஸாட்டுக்குக் கேட்டிருக்கிறார். புகைச் சோதனைக்கு அவர் என்னிடம் காசு வாங்கவில்லை என்பதால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.