பான் மி: சுட்ட கறியா, சியூ மாய் உருண்டையா?

நீள ரொட்டிக்குள் கறியும் காய்கறியும் வைக்கும் வியட்நாம் சாண்ட்விச்சான பான் மியை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் தடுமாறுவது உள்ளே எந்தப் பன்றிக்கறியை வைப்பது என்பதில்தான்.

வேலை: சுடுவதற்குத் தோள்பட்டைக் கறியை மெல்லிசாக நறுக்கி, எலுமிச்சைப் புல், பூண்டு, மீன் சாஸ், சர்க்கரையில் ஊறவைத்தால் பாதி வேலை முடிந்தது. சியூ மாய்க்குக் கொத்துக்கறியைப் பிசைந்து, உருட்டி, ஆவியில் வேகவைத்து, அப்புறம் தக்காளிக் குழம்பில் போட வேண்டும்.

மணம்: சுட்டதுதான். சர்க்கரை இளகி ஓரங்கள் கருகத் தொடங்கும்போது எழும் வாசனைக்கு ஈடே இல்லை. ஆனால் சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கறியை நெருக்கிப் போட்டால் நீர் விட்டு வெந்துவிடும், சுடாது.

மறுநாளைக்கு: சுட்டது வறண்டுபோகும். சியூ மாய் குழம்பில் ஊறி இன்னும் ருசிக்கும்.

ரொட்டி: சுட்ட கறிக்கு, வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே லேசாகவும் இருக்கும் ரொட்டி கட்டாயம். சியூ மாய்க்குச் சுமாரானதே போதும்; வியட்நாமின் டா லாட் நகரில் ரொட்டியைக் கிண்ணத்துக் குழம்பில் தொட்டே சாப்பிடுகிறார்கள்.

கேரட், வெள்ளை முள்ளங்கி ஊறுகாய் இரண்டுக்குமே வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விருந்தாளி வரும் மாலைக்குச் சுட்ட கறி. காலை அவசரத்துக்கு, முந்தின இரவே செய்துவைத்த சியூ மாய்.