ஏஜென்ட் கையில் கணக்கு: டேலி, ஜோஹோ புக்ஸ், இஆர்பிநெக்ஸ்ட் – டூல் விளக்கம் எழுதும்போது எது எப்படி?

"விற்பனை பில் போடு" என்று ஏஐ ஏஜென்டிடம் சொன்னால், டூலின் (மென்பொருளில் ஒரு வேலையைச் செய்ய ஏஜென்ட் அழைக்கும் செயல்) பெயரையும் அதற்கு நாம் எழுதிவைத்த விளக்கத்தையும் நம்பித்தான் அது இறங்குகிறது. ஆனால் பில் 'போடுவது' இந்த மூன்று கணக்கு மென்பொருளிலும் மூன்று வேறு காரியம். டேலிபிரைமில் வவுச்சர் (பரிவர்த்தனைப் பதிவு) உள்ளே போனதுமே லெட்ஜர் (தனித்தனிக் கணக்கு) இருப்பு மாறிவிடும். ஜோஹோ புக்ஸில் அது டிராஃப்டாக, அதாவது வரைவாக, நிற்கும். 'சென்ட்' என்று குறித்த பிறகே கணக்கில் ஏறும். இஆர்பிநெக்ஸ்டில் சப்மிட் ஆகும்வரை பேரேட்டில் ஒரு வரிகூட விழாது. விளக்கத்தின் முதல் வரியிலேயே இது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "பில் போட்டாயிற்று" என்று ஏஜென்ட் சொல்லும், லாப நட்டக் கணக்கில் அந்தத் தொகை இருக்காது.

எழுத வேண்டியது அதிகம் இருப்பது டேலியில்தான். கனெக்டிவிட்டி அமைப்பில் அதை சர்வராக வைத்தால், வழக்கமாக 9000 போர்ட்டில் எக்ஸ்எம்எல் வடிவில் தரவை வாங்கிக்கொள்ளும். அந்தக் கம்பெனியின் கணக்கு டேலியில் திறந்திருக்க வேண்டும். தேதி 20250407 என்ற வடிவில் போக வேண்டும். ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடல்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் கூட்டல், கழித்தல் குறி. 10,000 ரூபாய் சரக்கு, 18% ஜிஎஸ்டி, மாநிலத்துக்குள் விற்பனை என்று வையுங்கள். வாடிக்கையாளர் பற்று -11800 என்று கழித்தல் குறியோடும், விற்பனை 10000, சிஜிஎஸ்டி 900, எஸ்ஜிஎஸ்டி 900 ஆகியவை குறியில்லாமலும் போக வேண்டும். பற்று என்றால் கூட்டல் என்று நினைக்கும் மாடல் இதைத் தலைகீழாக்கிவிடும். எத்தனை வரி விளக்கினாலும் இந்த ஆபத்து முழுதாகப் போகாது. ஆகவே டூல் 'பற்று', 'வரவு' என்ற இரண்டு சொற்களை மட்டும் வாங்கட்டும். குறியை நாம் எழுதும் நிரல் போடட்டும்.

அடுத்தது லெட்ஜர் பெயர். டேலி பெயரை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறது. 'முருகன் ஸ்டோர்ஸ்' என்று இருப்பதை 'முருகன் ஸ்டோர்' என்று அனுப்பினால் அப்படி ஒரு லெட்ஜர் இல்லை என்று பிழை வரும். உடனே ஏஜென்ட் புது லெட்ஜர் திறக்கப் பார்க்கும். ஒரே கடையின் பாக்கி இரண்டாகப் பிரிந்துவிடும். விளக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "முதலில் லெட்ஜரைத் தேடு. பெயர் அப்படியே பொருந்தாவிட்டால் பயனரைக் கேள். புதிதாக உருவாக்காதே."

டேலியில் பிழை வந்தாலும் எச்டிடிபி நிலை 200 (வெற்றி) என்றுதான் வரும். பதிலுக்குள் 'கிரியேட்டட்', 'எரர்ஸ்' எண்களையும் 'லைன்எரர்' வாசகத்தையும் படித்து ஏஜென்டுக்குத் தெளிவாகத் திருப்பித் தர வேண்டும். எஜுகேஷனல் மோடில் (லைசென்ஸ் இல்லாத பயிற்சி முறை) சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதிய முடியும், பாதிச் சோதனைகள் தோற்க இதுவே காரணமாக இருக்கலாம். டேலியில் டிராஃப்ட் இல்லையே என்று கவலை வேண்டாம். வவுச்சரை 'ஆப்ஷனல்' என்று அனுப்பினால் கணக்கைத் தொடாது. அக்கவுன்டன்ட் பார்த்து கன்ட்ரோல் எல் அழுத்தி வழக்கமான வவுச்சராக மாற்றிக்கொள்ளலாம். ஏஜென்டுக்கு இதையே இயல்புநிலையாக வைப்பதுதான் சரி.

ஜோஹோ புக்ஸில் சிக்கல் நேர்மாறு. மென்பொருளின் எல்லா அழைப்புகளையும் விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பு தயாராகக் கிடைக்கிறது. அதை அப்படியே டூல்களாக மாற்றத் தோன்றும், செய்யாதீர்கள். வாடிக்கையாளர் தந்த பணம், சப்ளையருக்குத் தந்த பணம் போன்ற ஒரே சாயல் டூல்கள் குவிந்தால் மாடல் தவறானதை எடுக்கும். பத்துக்குள் நிறுத்தி, எதை எப்போது எடுக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். எந்த நிறுவனத்தின் கணக்கு என்று காட்டும் ஆர்கனைசேஷன் ஐடியை ஏஜென்ட் நிரப்பக் கூடாது, சர்வரில் பூட்டிவையுங்கள். உள்ளே நுழைய அனுமதி தரும் ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரம்தான் நிற்கும். நிமிடத்துக்கு 100 அழைப்பு என்ற வரம்பைத் தாண்டினால் 429 (அழைப்பு அதிகம்) என்ற பிழை வரும். "உடனே திரும்ப அழைக்காதே" என்பது விளக்கத்தில் இருக்க வேண்டும்.

இஆர்பிநெக்ஸ்ட்தான் மூன்றில் எழுதுவதற்கு எளிது. ஒவ்வொரு டாக்டைப்பும் (பில், வாடிக்கையாளர் போன்ற ஆவண வகை) தன் புலங்கள், வகை, கட்டாயமா என்பதைத் தானே சொல்கிறது. விளக்கத்தில் பாதியை அதிலிருந்தே எடுக்கலாம். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். பட்டியல் கேட்டால் இயல்பாக 20 வரிதான் வரும். ஐம்பது பில் பாக்கி இருந்தாலும் ஏஜென்ட் 20 என்று அடித்துச் சொல்லும். ஆவணத்தின் நிலையைக் குறிக்கும் டாக்ஸ்டேட்டஸ் புலத்தை டூலில் காட்டவே காட்டாதீர்கள்: அதில் 1 என்று அனுப்பினால் பில் நேரே சப்மிட் ஆகிவிடும். பிறகு திருத்த முடியாது, ரத்து செய்து அமெண்ட் செய்ய வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு இஆர்பிநெக்ஸ்ட், ஏற்கெனவே ஜோஹோவில் இருப்போருக்கு அதுவே. டேலியை விட முடியாதவர்கள், கணக்கிலிருந்து தரவை எடுத்துப் பார்க்க நான்கு டூல், ஆப்ஷனல் வவுச்சருக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு (எது எப்போது மாற்றப்பட்டது என்ற தடம்) கட்டாயம். ஏஜென்ட் போட்டுக் கலைத்த ஒவ்வொன்றும் ஆடிட்டர் கண்ணில் படும்.

மூன்றுக்கும் பொதுவாக இன்னொரு வரி தேவை. பதில் வராமல் டைம்அவுட் ஆனால் பில் பதிந்திருக்கவும் கூடும். "மறுபடி அனுப்பும் முன் அதே ரெஃபரன்ஸ் எண்ணில் பில் இருக்கிறதா என்று தேடு" என்று எழுதாவிட்டால் ஒரே விற்பனை இரண்டு முறை ஏறும், ஜிஎஸ்டியும் இரண்டு முறை கணக்காகும்.