செங்காந்தளுக்கு எது கொழுகொம்பு: மூங்கிலா, மிலாரா, கம்பியா, வலையா, கிளுவையா?

செங்காந்தள் கிழங்கை ஆசையாக வாங்கி நட்டவர்கள் முதல் ஆண்டிலேயே சொல்லும் குறை இதுதான்: "பக்கத்திலேயே மூங்கில் நட்டும் கொடி அதில் ஏறவில்லை, சாய்ந்து ஒடிந்துவிட்டது." பெரும்பாலும் கிழங்கிலோ மண்ணிலோ கோளாறு இருக்காது. அந்த மூங்கில்தான் இந்தக் கொடிக்குப் பொருந்தாத துணை.

காரணம் இலையில் இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள். முல்லையும் அவரையும் தண்டாலேயே கொம்பைச் சுற்றும். பாகலும் பீர்க்கும் பற்றுக்கம்பி விடும். காந்தளுக்கு இந்த இரண்டும் கிடையாது. அதன் இலையே நுனியில் நூல்போல் மெலிந்து, கொக்கியாகச் சுருள்கிறது. மெல்லிய குச்சி ஒன்று அந்தக் கொக்கியில் பட்டுவிட்டால் போதும், ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். அப்புறம் பிரிக்கப் பார்த்தால் இலை கிழியுமே தவிரச் சுருள் விடாது. ஆனால் பென்சிலைவிடத் தடித்த எதையும் அந்த நுனியால் வளைக்க முடியாது. வழவழப்பான பொருளில் சுற்றினாலும் காற்றடித்தால் வழுக்கி இறங்கிவிடும். முளைவிட்டு ஏறத்தாழ ஓர் அடி உயரம் வரை வரும் இலைகளுக்கு இந்தச் சுருளும் இருக்காது. அதுவரை கொடி எதையும் பிடிக்காமல் தானாகவே நிற்க வேண்டும்.

காந்தளைக் குளோரி லில்லி என்றும் சொல்வார்கள். ஆனால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வளர்க்கும் ஆசியாட்டிக், ஓரியண்டல் லில்லிகளின் கதை வேறு. அவற்றின் தண்டு விறைப்பானது. ஒரு குச்சியும் இரண்டு கட்டும் போட்டால் நிற்கும். "லில்லிக்கு ஒரு குச்சி போதும்" என்ற யோசனை அங்கே சரி. காந்தளோ ஐந்தாறு அடி, நல்ல மண்ணில் அதற்கு மேலும் போகும். மேலே போகப் போகக் கிளைக்கும். தண்டு சாறு நிறைந்தது, அடியில் படக்கென்று ஒடியும். ஒரு முளைக்கு ஒரு தண்டுதான். அது அடியோடு ஒடிந்தால் அந்த ஆண்டுப் பூ பெரும்பாலும் போனதுதான்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கொழுகொம்பு, பிறகு கிழங்கு. கிழங்கு கலப்பை வடிவில் இரண்டு கையாகக் கிடக்கும், அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் வந்தது. முளைக்கும் கண் கையின் நுனியில் மட்டுமே இருக்கிறது. கொடி வந்த பிறகு குச்சி குத்தினால் மண்ணுக்குள் கிழங்கு பிளக்கும், அழுகலும் அங்கிருந்தே தொடங்கும். கொம்பை நட்டுவிட்டு, அதிலிருந்து நாலு விரல் தள்ளிக் கண் வருமாறு கிழங்கைப் படுக்கையாக வைத்து, மேலே இரண்டு முதல் மூன்று அங்குலம் மண் மூடுங்கள். கண் ஒடிந்த கிழங்கை வாங்கவே வேண்டாம், அது முளைக்காது.

இனி ஒவ்வொன்றாக.

ஒற்றை மூங்கில் எளிதாகக் கிடைக்கிறது, அதனால் எல்லோரும் முதலில் அதைத்தான் நடுகிறார்கள். முழு மூங்கிலை இலை நுனி பிடிக்காது. ஆகவே ஒவ்வோர் அடிக்கும் நாம்தான் கட்ட வேண்டும், கொடி வேகமாக ஏறும் நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நைலான் கயிற்றில் இறுக்கிக் கட்டினால் காற்றில் தண்டு அறுபடும். நனைத்த வாழைநாரால், எட்டு எழுதுவதுபோல் கொம்பில் ஒரு வளையம், தண்டில் ஒரு தளர்ந்த வளையம் என்று கட்டினால் தாங்கும். மூங்கிலைத்தான் வைப்பது என்று முடிவு செய்துவிட்டால், முழுக் கழியை விட்டுவிட்டு, சுண்டுவிரலைவிட மெல்லிய தப்பைகளாகப் பிளந்து மூன்றைத் தொட்டியின் விளிம்போரம் ஊன்றி, உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். கீழிருந்து மேலாக மெல்லிய தேங்காய் நார்க் கயிற்றை அரை அடி இடைவெளியில் சுற்றி வந்தால் நுனிக்குப் பிடி கிடைக்கும், சொரசொரப்பும் இருக்கும். பி.வி.சி. குழாயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தடிமன், வழுக்கல் என இரண்டு குறையும் அதில் ஒன்றாக இருக்கின்றன.

மிலார், அதாவது சிறுகிளைகளோடு வெட்டிக் காயவைத்த குச்சி, இதற்கு நேர் எதிர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் இதை விதைக்காகவே கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்கள். அங்கே விராலிச் செடியின் காய்ந்த மாரை, அதாவது கிளைகளோடு கூடிய தண்டை, கொடிக்குத் துணையாக ஊன்றுவது உண்டு. ஒரே மாரில் நூற்றுக்கணக்கான மெல்லிய கிளைநுனிகள். கொடி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதோ ஒன்று கைக்குக் கிடைக்கும். கட்டு ஒன்றுகூட வேண்டாம். விராலி கிடைக்காத ஊரில் சவுக்கு மிலார், துவரை மார் இரண்டும் அந்த வேலையைச் செய்யும். பருத்தி மார் குட்டை, கொடி அதைத் தாண்டிப் போய்த் தலைகுப்புறக் கவிழும். ஆறடி மிலாரை ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி, ஒரு கிழங்குக்கு மூன்று என்று கூம்பாகச் சாய்த்து வையுங்கள். மிலார் ஒரு பருவத்துக்குத்தான் வரும். செம்மண்ணில் அடிப்பகுதியைக் கரையான் தின்றுவிட, வடகிழக்குப் பருவமழையின் காற்றில் பூவும் கொடியுமாய்ச் சாய்வது உண்டு. நட்ட மூன்றாம் மாதம் அடியை ஆட்டிப் பாருங்கள்; ஆடினால் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி ஊன்றி மிலாரை அதில் கட்டுங்கள். தரையில் நடுகிறவர்களுக்கு மிலாரைவிடச் சிறந்தது இல்லை என்பதே எங்கள் கருத்து. செலவு குறைவு என்பது மட்டும் காரணமில்லை. பருவம் முடிந்ததும் காய்ந்த கொடியைப் பிரிக்கும் வேலையே கிடையாது, மிலாரோடு சேர்த்துப் பிடுங்கி எடுத்துவிடலாம்.

ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, பல ஆண்டு உழைக்கும். வேலியோரம் நீளமாக ஒரு வரிசை நடுவதானால் இதுதான் சரி. பத்தடிக்கு ஒரு தூண், இரு முனையிலும் இழுகம்பி, 14 கேஜ் கம்பியை ஓர் அடிக்கு ஒன்றாக ஐந்து வரி இழுங்கள். கம்பியின் தடிமன் 2 மி.மீ., காந்தளின் நுனிக்கு மிகவும் பிடித்த அளவு. பலர் தவறுவது இதற்கு அப்புறம்தான். கிடைக்கம்பி மட்டும் இருந்தால் கொடிக்கு ஓர் அடிக்கு ஒருமுறைதான் பிடி. இடையில் தண்டு காற்றில் முன்னும் பின்னும் போய்க் கம்பியில் உரசிக் காயம்படும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பக்கங்களில் இது ஆடி மாதத்திலேயே தெரிந்துவிடும். மேல் கம்பியிலிருந்து கீழ்க் கம்பி வரை அரை அடிக்கு ஒரு சணல் கயிறு தொங்கவிட்டால் சிக்கல் தீர்ந்தது. சணலை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம், கம்பி அப்படியே இருக்கும்.

மாடித் தோட்டத்துக்கு வலை. கொடிக்கென்று விற்கும் நைலான் வலையில் நாலு முதல் ஆறு அங்குலக் கண் உள்ளதை வாங்குங்கள். ஓர் அங்குலக் கண் வலையில் கை நுழையாது. ஓணான், குருவி, பாம்பு மாட்டிக்கொண்டு சாகும். ஐந்தடி உயரச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் ஏறிய கொடி, காற்றடிக்கும்போது வலையோடு ஊஞ்சலாடி அடித்தண்டில் ஒடியும். சட்டம் தொட்டியில் நிற்காமல் கைப்பிடிச் சுவரில் கட்டப்பட்டிருப்பது நல்லது. தொட்டியோடு சட்டமும் சேர்ந்து கவிழ்ந்தால் கிழங்கும் வெளியே வந்துவிடும். வலையில் இன்னொரு வசதி, புழு கண்ணில் படும். காந்தளை மொட்டையடிக்கும் லில்லிப் புழு கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்திருக்கும். மிலார்ப் புதரில் அது ஒளிந்து தின்னும். வலையில் காலையில் ஒரு பார்வை போதும், பொறுக்கி எடுத்துவிடலாம். வலையின் சங்கடம் கடைசியில் வருகிறது. காய்ந்த சுருள்கள் நைலானை விடாது. பச்சையாகவோ அரைகுறையாகவோ இருக்கும்போது இழுத்தால் வலைதான் கிழியும். சருகாக நொறுங்கும் வரை விட்டுவைத்து, பிறகு கையால் கசக்கி உதிருங்கள்.

இடமும் பொறுமையும் உள்ளவர்களுக்குக் கிளுவை என்னும் முள்வேலி மரம். காடுமேடுகளில் காந்தள் வேலிப் புதரில்தான் தானாகப் படர்கிறது, அந்த இயற்கைக்கு மிக நெருங்கியது இது. கிளுவைப் போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைகளை, நட்டு, ஓராண்டு வேர்பிடிக்க விட்டு, அடுத்த ஆனியில் கிழங்கை வைக்கலாம். முள்ளும் சிறுகிளையும் நல்ல பிடி, அடியில் மெல்லிய நிழல். கவாத்தை மட்டும் கிழங்கு முளைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும், பிறகு அரிவாள் வைத்தால் எது கிளுவை எது காந்தள் என்று தெரியாது. வேலி நீரையும் உரத்தையும் பங்கு கேட்கும் என்பதால் ஓர் அடியாவது தள்ளி நடுங்கள். தொட்டிக்கு இது ஆகாது.

எதில் ஏற்றினாலும் உயரத்தை ஆறடிக்குள் நிறுத்துவது நல்லது. இந்தப் பூவில் சூல்தண்டு, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் தண்டு, அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். விதை வேண்டுமென்றால் காலையில் நாமே மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டியிருக்கும், கைக்கு எட்டாத பூ பெரும்பாலும் காய்க்காது. பூ மட்டும் போதும் என்பவர்கள் வாடியதைக் கிள்ளிவிடலாம். காய் பிடித்த கொடி கனம் கூடிச் சாயும், தப்பைக் கூம்பில் ஏற்றியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவரைப் பந்தலிலோ கோவைக்காய்ப் பந்தலிலோ இதைச் சேர்த்து ஏற்றவே கூடாது. கொடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் மிகுதி. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்தால் உயிர் போகும். கிழங்கைக் கையுறையோடு தொடுங்கள்; குழந்தைகள், ஆடு, நாய் நடமாடும் மூலையில் வைக்காதீர்கள்.

தை, மாசியில் இலை மஞ்சளாகிக் கொடி தானாகக் காயும்போது நீரை நிறுத்திவிடுங்கள். தண்டை ஒரு சாண் விட்டு அறுத்து, மிலாரையோ தப்பையையோ அகற்றும்போது அந்த இடத்தில் சிறு குச்சி ஒன்றை அடையாளம் வையுங்கள். வைகாசி வரை மண்ணுக்கு மேல் எதுவும் தெரியாது, மறந்து அதே இடத்தில் மண்வெட்டி போடுவதால் போகும் கிழங்குகள் ஏராளம்.