கருப்பை இறக்கம்: யோனி வழியாகவா, வயிற்றில் துளையிட்டா?

கருப்பை இறங்கியிருக்கிறது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் பல வீடுகளில் எழும் கேள்வி, "துளை போட்டுச் செய்ய ஏலாதா?" வயிற்றைக் கிழிக்காமல் முடிந்தால் நல்லதுதான். ஆனால் யோனி வழியாகச் செய்யும் பழைய முறையிலும் வயிற்றில் ஒரு கீறல்கூட விழாது. இது தெரியாமலே கொழும்புக்குப் போகக் காசு சேர்ப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

யோனி வழியில் கருப்பையை எடுத்து, தொய்ந்த யோனிச் சுவர்களை இறுக்கித் தைத்து, யோனியின் மேல்முனையை இடுப்பின் தசைநார்களோடு பிணைப்பார்கள். கருப்பையை விட்டுவைத்து, அதன் கழுத்தைக் குறைத்துத் தூக்கித் தைக்கும் மான்செஸ்டர் முறையும் உண்டு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தே இவற்றைச் செய்யலாம். இருதய வருத்தமோ ஆஸ்மாவோ உள்ள 70 வயது அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். குறை ஒன்று: சிலருக்குச் சில வருடங்களில் திரும்ப இறங்கும்.

துளை போட்டுச் செய்வதை லப்பரஸ்கொப்பி என்பார்கள்; வயிற்றில் நாலைந்து சிறு துளைகள். யோனியின் மேல்முனையை ஒரு செயற்கை வலையால் முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்போடு பிணைப்பார்கள். மேல்முனை மறுபடி இறங்கும் வாய்ப்பு இதில் குறைவு. கருப்பையை எடுத்த பிறகும் திரும்ப இறங்கியவர், இன்னும் பல வருடம் வயலில் குனிந்து நிமிர வேண்டிய 45 வயதுக்காரர், இவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் முழு மயக்கம் வேண்டும், நேரமும் பொதுவாகக் கூட. தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து வயிற்றுக்குள் வாயு நிரப்புவதால் மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு அவ்வளவு ஏற்றதல்ல.

வலை என்றதும் பயம் வருவது நியாயமே. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கருப்பை இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைக்கும் வலைக்கு அந்த உத்தரவு பொருந்தாது. என்றாலும் சிறு பங்கினருக்கு இந்த வலையும் யோனிச் சுவரை அரித்து வெளியே தெரியும்.

எந்த வழியானாலும் குறைந்தது 6 கிழமை பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, பேரப்பிள்ளை எல்லாம் பாரம்தான். துளை சின்னது, பத்து நாளில் எழும்பி வேலை செய்யலாம் என்று மாமிமார் சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே தைத்த இடம் ஆற அதே காலம் எடுக்கும்.

ஒப்பரேஷனே வேண்டாம் என்றால் இறங்கியதைத் தாங்கிப் பிடிக்க யோனிக்குள் வளையம் வைத்துக்கொள்ளலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்கோ, அம்பாறையோ, எங்கே போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்: "டொக்டர், எனக்கு முன்சுவரா, பின்சுவரா, மேல்முனையா இறங்கியிருக்கு?"