சிபியு சூடு: வோல்டேஜைக் குறைப்பதா, பேஸ்டை மாற்றுவதா, புதுக் கூலர் வாங்குவதா?

ஓவர்கிளாக் செய்த (சிபியுவை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டும்) கணினியில் சூடு 95 டிகிரியைத் தொட்டதும் பலர் தேடிப் போவது பெரிய கூலரைத்தான். இருக்கிற வழிகளிலேயே செலவு கூடியது அது. பல சமயம் நோய்க்குச் சம்பந்தமில்லாத மருந்தும் அதுவே. சூடு எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பார்த்த பிறகுதான் எந்த வழி என்று முடிவு செய்ய முடியும்.

சூடு, வாட் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, சிபியுவுக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95-ஐ ஓடவிடுங்கள். இரண்டு மூன்று விநாடிகளிலேயே 95-க்குத் தாவினால், அதே திரையில் சிபியு எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். பெரிய கூலர் இருந்தும் 120 வாட்டுக்கே 95 என்றால், சிப்புக்கும் கூலரின் அடித்தகட்டுக்கும் நடுவே ஒட்டுதல் சரியில்லை. 250 வாட் என்றால் கோளாறு வோல்டேஜில். மாறாக, 75-இல் தொடங்கி இருபது நிமிடத்தில் மெல்ல மெல்ல 92-க்குப் போனால், காற்றோட்டம் திணறுகிறது. கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் மாற்ற வேண்டியது கூலரை அல்ல, கேபினட் விசிறிகளை.

வோல்டேஜ்தான் இதில் பெரிய விஷயம். சிப்பில் பிறக்கும் வெப்பம் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடும். வோல்டேஜோடு இருமடி விகிதத்தில் கூடும். 4.8 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் ஓடியதை 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு ஏற்றினால், வேகம் 4 சதவீதம்தான் கூடுகிறது. வெப்பமோ ஏறக்குறைய 21 சதவீதம் கூடுகிறது. அறை 25 டிகிரி, சிபியு 85 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். 60 டிகிரி வித்தியாசம் 73 ஆகும், சிபியு 98-க்குப் போகும். அந்த 13 டிகிரியைக் கூலரை மட்டும் மாற்றி மீட்பது லேசுப்பட்ட காரியமில்லை. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) வோல்டேஜ் எண்ணைக் குறைத்து மீட்டுவிடலாம்.

வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டுவிட்டு, வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியை மட்டும் ஏற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எங்கே சிப் முடங்கிவிடுமோ என்று மதர்போர்டு தேவைக்கு மேலேயே ஊட்டும். சுமையில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் லோட்லைன் கேலிப்ரேஷன் அமைப்பை உச்சத்தில் வைத்திருந்தால் சுமையின்போதும் வோல்டேஜ் இறங்காமல் நிற்கும். அதை நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 0.01 அல்லது 0.02 வோல்ட்டாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் சோதியுங்கள். பிரைம்95 பிழை காட்டினாலோ, நீலத்திரை வந்தாலோ, விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் வன்பொருள் பிழை பதிவானாலோ இரண்டு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள்.

சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசும் பேஸ்டை மாற்றுவது மலிவு, ஆனால் எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். ஏற்கெனவே ஒழுங்காகப் பூசியிருந்தால், பிராண்டை மாற்றுவதால் இரண்டு மூன்று டிகிரிதான் கிடைக்கும். காய்ந்து போன பேஸ்ட், ஒரு பக்கம் மட்டும் இறுகிய திருகு, அடித்தகட்டில் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் படலம் (நடக்கிறது, அடிக்கடியே நடக்கிறது) என்றால் பத்து இருபது டிகிரிகூட இறங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்து, திருகுகளை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்குங்கள். பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகத்தை நினைப்பவர்களுக்கு ஒன்று: அதிலுள்ள காலியம் அலுமினிய அடித்தகட்டை அரித்துவிடும், வழிந்தால் மின்சாரத்தையும் கடத்தும்.

வோல்டேஜும் ஒட்டுதலும் சரியாக இருந்தும் சூடு அடங்கவில்லை என்றால்தான் கூலர் பேச்சு. இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலரா, 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட நீர்க்கூலரா? 250 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் ஓடும் சிப்புக்கு நீர்க்கூலர். அதற்குக் கீழே காற்றுக் கூலரே நிம்மதி. அதில் கெடக்கூடியது விசிறி ஒன்றுதான். நீர் சூடாக நேரம் எடுக்கும், ஆகவே ஐந்து நிமிடச் சோதனையில் நீர்க்கூலர் எப்போதும் அழகாகவே தெரியும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒப்பிடுங்கள். பம்ப் இருக்கும் தலைப்பகுதி மொத்தச் சுற்றிலும் உயரமான இடமாக அமையக் கூடாது, காற்றுக்குமிழி அங்கே போய்ச் சேரும். சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டி, ஒரு குழாய் சூடாகவும் மற்றது குளிர்ச்சியாகவும் இருந்தால் பம்ப் நின்றிருக்கலாம்.

சூட்டைக் காட்டும் எண்ணையே சந்தேகிக்க வேண்டிய சிப்புகளும் உண்டு. 2017-இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் உண்மையான சூட்டோடு 20 டிகிரி கூட்டியே சொல்லும். பழைய மென்பொருள்கள் அதைக் கழிக்காமல் அப்படியே காட்டும். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் ரகங்கள் வேறு மாதிரி: முழுச் சுமையில் இடம் கிடைக்கும்வரை 95 டிகிரியை நோக்கியே வேகத்தை ஏற்றிக்கொண்டு போகும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்குப் பெரிய கூலர் போட்டால் எண் இறங்காமல் வேகம் மட்டும் கூடலாம். எண் இறங்க வேண்டுமானால் பயாஸில் ஈகோ மோடை இயக்கி வாட் வரம்பைக் குறையுங்கள், அல்லது வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10-இல் தொடங்குங்கள்.