ராணி குதிக்கவில்லை: கசான் கிரெம்ளின் நடைச்சுற்றுலாவுக்கு மூன்று ஸ்டார்

மகன் ரஷ்யாவின் கசான் நகரில் மருத்துவம் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில், கிரெம்ளின் என்கிற பழைய கோட்டையைச் சுற்றிக்காட்டும் இரண்டு மணி நேர நடைச்சுற்றுலா ஒன்றுக்குப் பதிவு செய்தோம். குறை சொல்லப்போவதால் நடத்துபவர்களின் பெயர் வேண்டாம்.

கைடு பெண் தங்கமானவர். சொன்ன நேரத்துக்கு கிரெம்லியோவ்ஸ்காயா மெட்ரோ வாசலில் நின்றார். பனியில் எனக்குக் கால் வழுக்கியதும் நடையைக் குறைத்துக்கொண்டார். குல் ஷரீஃப் மசூதியையும் அவசரப்படாமல் காட்டினார்.

சிக்கல் சுயும்பிகே கோபுரத்தடியில்தான். 58 மீட்டர் உயரம், ஏழு அடுக்கு, கண்ணுக்கே தெரிகிற சாய்வு. ரஷ்ய ஜார் இவான் பெண் கேட்டானாம், ஏழு நாளில் கோபுரம் கட்டச் சொன்னாளாம் கசான் ராணி சுயும்பிகே, கட்டி முடித்ததும் மேலேறிக் குதித்துவிட்டாளாம். இருபது நிமிடம் இதே கதை. தலபுராணம் கேட்கலாம், தப்பில்லை. கட்டுக்கதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

அவள் மகன் உத்யமிஷ் கிரேக்கு அரை நிமிடம்தான். 1549-ல் அப்பா சஃபா கிரே இறந்ததும் கான், அதாவது கசானின் மன்னன், ஆனபோது அவன் கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவன், பிறந்தது 1546-ல். ஆண்டது அம்மா. அரண்மனைக்குள் கிரிமியா பக்கம் ஒரு கோஷ்டி, மாஸ்கோ பக்கம் ஒரு கோஷ்டி. 1551-ல் ரஷ்யர்கள் மரங்களை வோல்காவில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, பக்கத்திலேயே ஸ்வியாஷ்ஸ்க் கோட்டையை எழுப்பிவிட்டார்கள். கசான் பிரபுக்கள் பயந்துபோய்த் தாயையும் பிள்ளையையும் மாஸ்கோவிடம் ஒப்படைத்தார்கள். அரியணையில் மாஸ்கோவின் ஆளான ஷா அலி, மூன்றாவது தடவையாக! 1546-ல் ஒரு மாதம் தாங்கியவர், இந்தத் தடவையும் அடுத்த வருஷமே வெளியே. அப்புறம் அஸ்திரகானிலிருந்து யாதிகார் வந்தார். 1552 அக்டோபரில் இவான் கோட்டையைப் பிடித்ததோடு கான் ஆட்சியே முடிந்தது. கோபுரத்திலிருந்து குதித்ததாகச் சொல்கிற ராணியை அந்த ஷா அலிக்குத்தான் கட்டிவைத்தார்கள்.

கோபுரத்தின் பக்கத்தில் கான்களின் கல்லறைகள் இருக்கின்றன. "பையனும் இங்கேதானா?" என்று கேட்டேன். கைடு போனைத் துழாவ ஆரம்பித்தார். இல்லை அம்மா, அவன் மாஸ்கோவில், ஆர்க்காங்கெல் தேவாலயத்தில், ஜார் குடும்பத்தாரோடு கிடக்கிறான். ஞானஸ்நானம் கொடுத்து அலெக்சாந்தர் ஆக்கியிருந்தார்கள். 1566-ல் இறந்தபோது வயது இருபதுதான். நான் சொன்னதை அவர் குறித்துக்கொண்டார், அதற்கே ஒரு ஸ்டார் கூடப் போட்டேன்.

கடைசியில் ஆளுக்கொரு துண்டு சக்-சக் (தேன் ஊற்றிய மாவு இனிப்பு) கொடுத்தார்கள். தேன் திகட்டவில்லை. கூட ஒரு டீ கொடுத்திருந்தால் மூன்றரை.